கல்லறையும் ஒரு தேதியும்: ஆதித் திருச்சபையின் மறைசாட்சிகள்

செபஸ்தியார் என்றதும் மரத்தில் கட்டப்பட்டு, உடலெங்கும் அம்பு தைத்து நிற்கும் இளைஞர்தான் கண்முன் வருவார். ஜனவரி மாதம் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அவருக்குக் கொடியேறுகிறது, தேர் ஓடுகிறது. ஆனால் அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ஒற்றை வரிதான். கி.பி. 354-இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் பட்டியலில், ஜனவரி 20-க்கு நேரே அவருடைய பெயரும் அடக்கம் செய்யப்பட்ட இடமும் இருக்கின்றன. அம்பு இல்லை, மரம் இல்லை, அவர் படைவீரர் என்ற குறிப்புகூட இல்லை. அம்புக் கதை ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதிலும் அவர் அம்பால் சாகவில்லை. ஐரீன் என்ற பெண் மருந்திட்டுப் பிழைக்கவைக்கிறார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் பேரரசனை நேரில் கண்டிக்கப் போகிறார், அங்கே தடியால் அடித்துக் கொல்லப்படுகிறார். ரோமில் ஏழாம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் ஒன்றில் அவர் நரைத்த தாடிக்காரராகவே நிற்கிறார். அழகிய இளைஞராக அவரை மாற்றியவர்கள் பிற்கால இத்தாலிய ஓவியர்கள்.

ஆதிக் கிறிஸ்தவப் புனிதர்களைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். முதலில் இருந்தது ஒரு பெயர், ஓர் ஊர், இறந்த நாள், புதைத்த இடம். அந்த நாளில் ஆண்டுதோறும் கல்லறையருகே கூடும் வழக்கம் அதையொட்டி வந்தது. வரலாறும் அற்புதங்களும் சுரூபமும் தேரும் பல நேரங்களில் நூற்றாண்டுகள் கழித்தே சேர்ந்தன. வணக்கம் முந்தியது, கதை பிந்தியது. எல்லாப் புனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு, கண்ணால் கண்டவர்களே எழுதிவைத்த பதிவு கிடைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளுக்கு முன்னால் பிற்காலக் கதைகள் வெளிறிப்போகின்றன என்பேன்.

இவர்கள் ஏன் கொல்லப்பட்டார்கள்? ரோமர்கள் ஏராளமான தெய்வங்களைச் சகித்துக்கொண்டவர்கள். உள்ளத்தில் யாரை நம்புகிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை. நாட்டின் தெய்வங்களுக்குப் பலி கொடு, பேரரசரின் பெயரால் சத்தியம் செய், ஒரு சிட்டிகை சாம்பிராணி போடு என்று மட்டுமே கேட்டார்கள். அவர்களுக்கு அது வரி கட்டுவதைப் போன்ற பொதுக் கடமை. யூதர்களும் பலியிட மறுத்தவர்கள்தாம். ஆனால் அவர்களுடையது முன்னோர் வழிவந்த பழைய மதம் என்று விட்டுவைத்தார்கள். நேற்று முளைத்த ஒரு கூட்டம் மறுத்தபோது அதைத் திமிராகவும் அரசத் துரோகமாகவும் பார்த்தார்கள்.

முந்நூறு ஆண்டுகளும் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள் என்று ஞாயிறு மறைக்கல்வியில் கேட்ட நினைவு பலருக்கு இருக்கும். நடந்தது அப்படியில்லை. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, இவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டார். தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதாசிகளை ஏற்க வேண்டாம், யாராவது முறைப்படி குற்றம் சாட்டி அது உறுதியானால் தண்டிக்கலாம், மறுதலித்துத் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடலாம் என்று பதில் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைமை ஏறக்குறைய இதுதான். அக்கம்பக்கத்தாரின் வெறுப்பு, ஊர்க் கலவரம், ஆளுநரின் மனநிலை ஆகியவையே உயிரைத் தீர்மானித்தன. விசுவாசத்துக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய சிலர்தாம் என்று மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜனே எழுதியிருக்கிறார். அவருடைய சொந்தத் தகப்பனாரே அந்தச் சிலரில் ஒருவர்.

ஒரிஜன் அப்படி எழுதிய பிறகுதான் பேரரசு முழுவதையும் தழுவிய ஆணைகள் வந்தன. 249-இன் இறுதியில் பேரரசர் டேசியுஸ் அனைவரும் பலியிட்டாக வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவருக்கு அதிகாரிகள் சான்றிதழ் தந்தார்கள். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. பெயர், ஊர், நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன் என்ற வாசகம், சாட்சிக் கையெழுத்து எல்லாம் ஒரு தாலுகா அலுவலகப் படிவத்தின் ஒழுங்கோடு இருக்கின்றன. பயந்து பலியிட்டவர்கள் திரளாக இருந்தார்கள். பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருந்தார்கள். பின்னர் இவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாமா என்று திருச்சபைக்குள் பெரிய சண்டை மூண்டது. அந்தச் சண்டையின் நடுவில் நின்ற, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், 258-இல் பேரரசர் வலேரியன் காலத்தில் தலை வெட்டப்பட்டார். 303-இல் தியோக்ளேசியன் தொடங்கிய கடைசித் துன்புறுத்தல்தான் மிகக் கொடியது. கிறிஸ்தவர்களின் கோயில்கள் இடிக்கப்பட்டன, வேதநூல்கள் எரிக்கப்பட்டன. 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசினியுசும் வழிபாட்டுச் சுதந்திரம் அறிவித்தார்கள்.

இனி, நேரில் கண்டவர்கள் எழுதியவற்றுக்கு வருவோம்.

ஸ்மிர்னா இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஆயராக இருந்தவர் போலிகார்ப். அவர் கொல்லப்பட்டதை அவருடைய சபையாரே பிலோமேலியம் என்ற ஊரின் சபைக்குக் கடிதமாக எழுதினார்கள். இறந்த ஆண்டு 155 அல்லது 156 என்பது பெரும்பாலோர் கணக்கு. கடிதம் வீரத்தைக் கொண்டாடும் கடிதம்தான், ஆனால் அசட்டு வீரத்தை அது கொண்டாடவில்லை. குவிந்துஸ் என்ற ஒருவன் தானாகவே முன்வந்து சரணடைந்து, மற்றவர்களையும் உடன் இழுத்துவந்தவன். அரங்கின் காட்டு விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப்போய்ப் பலியிட்டுவிட்டான். தாமாகப் போய் மாட்டிக்கொள்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று கடிதம் சொல்கிறது. போலிகார்ப் தப்பி ஓடியவர். சபையார் கேட்டுக்கொண்டதால் ஊருக்கு வெளியே பண்ணை வீடுகளில் ஒளிந்திருந்தார். ஓர் அடிமைச் சிறுவனைச் சித்திரவதை செய்து இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். பிடிக்க வந்த காவலர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். இரண்டு மணி நேரம் நின்று செபித்தார்.

விளையாட்டு அரங்கில் ஆளுநர் அவருடைய வயதைப் பார்த்து இரக்கப்படுகிறார். பேரரசரின் பெயரால் சத்தியம் செய், “நாத்திகர்கள் ஒழிக” என்று சொல், விட்டுவிடுகிறேன் என்கிறார். ரோமரின் தெய்வங்களை மறுத்ததால் கிறிஸ்தவர்களுக்கு நாத்திகர் என்றே பெயர். போலிகார்ப் அரங்கில் கூச்சலிடும் கூட்டத்தை ஏறிட்டுப் பார்த்து, அவர்களை நோக்கிக் கையை ஆட்டி, “நாத்திகர்கள் ஒழிக” என்கிறார். அந்த நிலையிலும் இந்தக் குறும்பு! பிறகு, எண்பத்தாறு ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என்னை மீட்ட அரசரை எப்படிப் பழிப்பேன் என்று சொல்லிவிடுகிறார். தீ மூட்டுகிறார்கள். கப்பலின் பாய் காற்றில் புடைப்பதுபோல் நெருப்பு அவரைச் சுற்றி வளைந்து நின்றது என்றும், கடைசியில் குத்துவாளால் குத்தியே கொன்றார்கள் என்றும் கடிதம் கூறுகிறது.

நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வரும் பத்தி. உடலைக் கிறிஸ்தவர்களிடம் கொடுத்தால் சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வணங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று எதிரிகள் சொன்னார்களாம். சபையாரின் பதில்: கடவுளின் மகனான கிறிஸ்துவை ஆராதிக்கிறோம், மறைசாட்சிகளை ஆண்டவரின் சீடர்கள் என்று அன்பு செய்கிறோம். உடல் எரிக்கப்பட்ட பின், இரத்தினங்களைவிடவும் பொன்னைவிடவும் மதிப்புள்ள அந்த எலும்புகளைப் பொறுக்கி எடுத்துத் தகுந்த இடத்தில் வைத்ததாகவும், ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடப்போவதாகவும் எழுதுகிறார்கள். பிறந்தநாள் என்று அவர்கள் சொல்வது இறந்த நாளை. புனிதர் வணக்கத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் பின்னால் போட்ட சண்டைகளுக்கெல்லாம் வித்து இந்த ஒரு பத்தியில் இருக்கிறது. எலும்பு, இடம், ஆண்டு விழா, கடவுளுக்குரியது வேறு புனிதருக்குரியது வேறு என்ற பாகுபாடு, இவை நான்கையும் அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது பதிவு இன்னும் அரியது. 203-ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், சிறையில் இருந்தபடியே எழுதிய குறிப்பு அது. ஆதிக் கிறிஸ்தவப் பெண் ஒருவரின் சொந்த எழுத்து இவ்வளவு நேரடியாகக் கிடைப்பது வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். நல்ல குடும்பத்தில் பிறந்தவர், கைக்குழந்தைக்காரி, இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாத நிலையில் கைதானவர். இருட்டையும் நெரிசலையும் புழுக்கத்தையும் சொல்கிறார், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய கவலை தின்றதைச் சொல்கிறார். சபையின் திருத்தொண்டர்கள் இருவர் காவலருக்குக் காசு கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுகிறார்கள். பசியால் துவண்ட பிள்ளைக்குப் பெர்பெத்துவா அங்கே பால் கொடுக்கிறார். பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறார்.

தகப்பனார் கிறிஸ்தவர் அல்லர். மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். முதல் சந்திப்பில் பெர்பெத்துவா அங்கிருந்த ஒரு குடத்தைக் காட்டுகிறார். இதைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா அப்பா? முடியாது. அப்படித்தான், நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெப்படியும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. அடுத்த முறை வருகையில் தகப்பனார் கையைப் பிடித்து முத்தமிட்டு, காலில் விழுந்து, என் நரைத்த தலைக்கு இரக்கம் காட்டு என்று அழுகிறார். விசாரணை நாளில் குழந்தையோடு வந்து மன்றாடுகிறார். அதிகாரி ஹிலாரியானுசும் கிழவரைப் பார், பிள்ளையைப் பார் என்று சொல்லிப் பார்க்கிறார். நீ கிறிஸ்தவளா? ஆம். தகப்பனார் விடாமல் இழுக்க, அதிகாரி அவரைத் தடியால் அடிக்கச் சொல்கிறார். என்னையே அடித்ததுபோல் வலித்தது என்று மகள் எழுதுகிறார். தீர்ப்புக்குப் பிறகு தகப்பனார் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. பிள்ளைக்குப் பால் ஏக்கம் வரவில்லை, தனக்கும் மார்பு கட்டவில்லை என்று குறிப்பு சொல்கிறது. பிற்காலத்துக் கற்பனையாளர் எவருக்கும் இந்த வரி தோன்றியிராது.

அவரோடு அடைபட்டிருந்தவர் பெலிசித்தா என்ற அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்ல ரோமச் சட்டம் இடம் கொடாது. தோழர்களை விட்டுப் பின்தங்கிவிடுவோமோ என்பதே அவருக்குக் கவலை. சிறையிலேயே குறைமாதத்தில் பெண் குழந்தை பிறக்கிறது. வலியில் அலறியவரைக் காவலன் ஒருவன், இதற்கே இப்படிக் கத்துகிறாயே, விலங்குகளுக்கு முன் என்ன செய்வாய் என்று கேலி செய்கிறான். இப்போது துன்பப்படுவது நான், அப்போது என்னுள் இருந்து எனக்காகத் துன்பப்பட இன்னொருவர் இருப்பார் என்கிறார் அவர். மார்ச் 7 அன்று இருவரையும் அரங்கில் முரட்டுப் பசுவின் முன் விட்டார்கள். தூக்கியெறியப்பட்ட பெர்பெத்துவா எழுந்து, கிழிந்த ஆடையைச் சரிசெய்து, கலைந்த கூந்தலை முடிந்துகொண்டதாக உடனிருந்தவர் எழுதிச் சேர்த்த பகுதி கூறுகிறது. தலைவிரி கோலம் துக்கத்தின் அடையாளமாயிற்றே, அவருக்கு அது மகிழ்ச்சி நாள். கடைசியில் அனுபவமில்லாத வீரனின் கை நடுங்கியது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார்.

சீமாட்டியும் அடிமையும் ஒரே விழாவில், ஒரே மூச்சில் நினைக்கப்படுவது அந்தச் சமூகத்தில் சாதாரணச் செய்தியில்லை. 177-இல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கொல்லப்பட்டவர்களிலும் தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் இருந்தார், ஆனால் பதிவு எழுதியவர்கள் உச்சத்தில் வைத்தது பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணை. அங்கே அதிகாரிகள் ஒரு பாடமும் கற்றிருந்தார்கள் போலும். எலும்பு மிஞ்சக் கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டார்கள்.

கல்லறையில் என்ன நடந்தது? ரோமரும் பிற மக்களும் இறந்தோரின் கல்லறையில் விருந்துண்பது வழக்கம். கிறிஸ்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். அகுஸ்தினாரின் தாயார் மோனிக்கம்மாள், ஆப்பிரிக்காவில் தம் ஊரில் பழகியபடியே மிலானிலும் மறைசாட்சிகளின் கல்லறைக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோனார். வாயிற்காவலர் தடுத்துவிட்டார். ஆயர் அம்புரோசியாரின் கட்டளை அது. குடித்துக் கூத்தடிக்கிறார்கள் என்பது ஒரு காரணம், புறமதத்தாரின் முன்னோர் படையலைப் போலிருக்கிறது என்பது இன்னொன்று. அம்மையார் மறுபேச்சில்லாமல் கூடையைத் திருப்பிக்கொண்டு போனதை மகன் எழுதிவைத்திருக்கிறார்.

அதே அம்புரோசியார்தான் 386-இல் மிலானில் ஓரிடத்தைத் தோண்டச் சொல்லி, கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற இருவரின் எலும்புகளை எடுத்துத் தாம் கட்டிய கோயிலின் பீடத்துக்கடியில் வைத்தார். இதன் துணிச்சலை இன்று உணர்வது கடினம். பிணம் தீட்டு, ஊருக்குள் புதைக்கக் கூடாது என்பது ரோமரின் பழஞ்சட்டம். கல்லறைகளெல்லாம் நகர மதிலுக்கு வெளியே, சாலையோரம். கிறிஸ்தவர்கள் ஒன்று கல்லறை இருந்த இடத்துக்கே போய்க் கோயில் கட்டினார்கள், வத்திக்கான் குன்றில் இராயப்பர் (பேதுரு) கோயில் எழுந்தது அப்படித்தான். அல்லது எலும்பைக் கோயிலுக்கு எடுத்துவந்தார்கள். எலும்பு கிடைத்த நேரம் அம்புரோசியாருக்கு அரசியல் ரீதியாகவும் மிக வசதியான நேரம். கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்குச் சமமானவர் அல்லர் என்ற ஆரியுஸின் கொள்கையைப் பின்பற்றிய அரச குடும்பம் அவரிடமிருந்து கோயிலைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அற்புதம் என்று ஊர் கொண்டாடியது, நாடகம் என்று அரண்மனை சிரித்தது.

திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் நாட்டுக் (இன்றைய பிரான்சு) குரு விஜிலான்சியுஸ், சாம்பலை முத்தமிடுவதும் பட்டப்பகலில் மெழுகுவர்த்தி கொளுத்துவதும் புறமதப் பழக்கமே என்று எழுதினார். பெத்லகேமில் இருந்த வேதநூல் அறிஞர் எரோணிமுஸ் ஒரே இரவில் மறுப்பு எழுதினார். வசை நிறைந்த எழுத்து அது. வசைகளை நீக்கிப் பார்த்தால் வாதம் எளிது. ஊழியரைக் கௌரவித்தால் அந்த மரியாதை ஆண்டவருக்கே போகிறது, உயிரோடிருந்தபோது பிறருக்காக மன்றாடியவர்கள் வெற்றி பெற்ற பிறகு மன்றாடாமலா இருப்பார்கள் என்பது அவர் கேள்வி. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் கடவுளுக்கு மட்டுமே ஆராதனை, புனிதர்களுக்கும் திருவுருவங்களுக்கும் வணக்கம் என்று வரையறுத்தது. கத்தோலிக்கரும் கிழக்கத்திய மரபுவழிச் சபையினரும் இதில் நிற்கிறார்கள். புனிதரிடம் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பதே நம் மன்றாட்டுமாலைகளின் பல்லவி. சீர்திருத்தத் திருச்சபையினர் புனிதரை முன்மாதிரியாக நினைவுகூரலாம், அவரிடம் மன்றாடுவதற்கு வேதத்தில் ஆதாரமில்லை என்கிறார்கள். விஜிலான்சியுஸ் அவர்களுக்குச் சற்று முன்னதாகப் பிறந்துவிட்டார்.

துன்புறுத்தல் நின்றபின் மறைசாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்? அந்த இடத்தைத் துறவிகளும் ஆயர்களும் நிரப்பினார்கள். எகிப்தின் பாலைவனத்தில் நூற்றைந்து வயதுவரை தவமிருந்ததாகச் சொல்லப்படும் வனத்து அந்தோணியார், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலாடையில் பாதியை வெட்டிக் கொடுத்த தூர் நகர மார்ட்டின் போன்றவர்கள் இரத்தம் சிந்தாமலே புனிதர் வரிசைக்கு வந்தவர்கள். இவர்களில் யாரையும் எந்தப் போப்பாண்டவரும் அறிவிக்கவில்லை. ஊர்மக்கள் கூடினார்கள், ஆயர் தடுக்கவில்லை, நாட்காட்டியில் பெயர் ஏறியது, அவ்வளவுதான். போப்பாண்டவர் முறைப்படி அறிவித்ததாக அறியப்படும் முதல் புனிதர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. காற்றாடிமலையில் 1752-இல் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு விசாரணை, ஆவணங்கள், 2012-இல் முத்திப்பேறு, 2022-இல் புனிதர் பட்டம் என்று பல படிகள் இருந்தன. பெர்பெத்துவாவுக்கு அந்தக் கோப்பு எதுவும் தேவைப்படவில்லை.

ஊரே அறிவிக்கும் முறையில் தவறும் நேரும். 1802-இல் ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. மூடியிருந்த ஓடுகளில் இருந்த எழுத்துகளை இடம் மாற்றிப் படித்து அவருக்குப் பிலோமினா என்று பெயர் வைத்தார்கள். வரலாறு ஒன்றும் உருவானது, அற்புதங்கள் பெருகின, உலகம் முழுவதும் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிலோமினா இல்லாத தெரு குறைவு. அவர் யார், மறைசாட்சிதானா என்பதற்கே ஆதாரமில்லை என்று 1961-இல் வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து அந்தப் பெயரை ரோம் எடுத்துவிட்டது. 1969-இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது அலெக்சாந்திரியாவின் கத்தரீனம்மாளும் பார்பரம்மாளும் பொது நாட்காட்டியிலிருந்து போனார்கள். கத்தரீனம்மாள் 2002-இல் திரும்பி வந்துவிட்டார்.

இந்தச் சல்லடை வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் எதிரிகள் அல்லர், இயேசு சபைக் குருக்கள். பொலாந்து என்பவரின் பெயரால் பொலாந்தியர் எனப்படும் அவர்கள், 1643 முதல் புனிதர் வரலாறுகளை நாள்வாரியாகத் தொகுத்து, எது நீதிமன்றப் பதிவு, எது கண்கண்டவர் எழுதியது, எது பின்னால் புனைந்தது என்று பிரித்துவந்திருக்கிறார்கள். ஒரு புனிதருக்கு நினைவு நாளும் இடமும் பழைய பட்டியலில் உறுதியாக இருந்தால், அவர் கதை முழுக்கப் புனைவாயிருந்தாலும் அவர் வாழ்ந்தவர்தான் என்று கொள்ளலாம் என்பது அவர்கள் வழியில் வந்த அளவுகோல். செபஸ்தியார் அதில் தேறுகிறார், பிலோமினா தேறவில்லை.

படிக்க விரும்புகிறவர்கள் புனிதர் வரலாற்றுத் தொகுப்புகளில் தொடங்காமல் மூலப் பதிவுகளில் தொடங்குவது நல்லது. மிகச் சிறியது சில்லியம் ஊர்க்காரர்களின் விசாரணைப் பதிவு. 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் பன்னிருவர் விசாரிக்கப்பட்டதைக் கேள்வியும் பதிலுமாகத் தருகிறது, பத்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். ஆளுநர் யோசிக்க முப்பது நாள் தவணை தருகிறார், அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நூல்கள், நேர்மையாளரான பவுலின் கடிதங்கள் என்கிறார் ஸ்பெராத்துஸ். அதை முடித்துவிட்டு ஸ்மிர்னாக் கடிதம், பிறகு பெர்பெத்துவா. கதைத் தொகுப்புகளுக்கு அப்புறம் போகலாம்.